கொல்லிமலையிலிருந்து வந்த, திறக்காத 212 படங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை மாற்றவில்லை.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "போட்டோ ஃபைல் இருக்கு, ஆனா எடிட்டிங் சாஃப்ட்வேர்ல திறக்க மாட்டேங்குது, என்ன பண்றது?" இதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்லலாம்னு உட்கார்ந்தேன். முடியல. ஏன்னா இந்தக் கேள்வியோட எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கு. அதைச் சொன்னாத்தான் பதிலும் புரியும்.

என் தோழி ஒருத்தி சிறுதானியங்களைப் பத்தி ஒரு சின்ன கையேடு போடுறதா இருந்தா. விதைத் திருவிழாவுல வெச்சுக் கொடுக்க, மொத்தமே முப்பது பக்கம். அதுக்குப் படம் எடுக்கக் கொல்லிமலைக்குக் கூப்பிட்டா. நானும் போனேன். நாமக்கல் மாவட்டம், காரவள்ளியிலிருந்து மேல ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. நாப்பதாவது வளைவுக்கு மேல நான் கணக்கை விட்டுட்டேன், சாப்பிட்ட இட்லியை உள்ள வெச்சுக்கிறதே பெரிய வேலையா இருந்தது.

அங்க போறவங்க பெரும்பாலும் ஆகாய கங்கை அருவியைப் பார்த்துட்டு, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு, மிளகு வாங்கிட்டுத் திரும்பிடுவாங்க. மலையில வாழற மக்களுக்கு மலையாளின்னு பேர். கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, இவங்க தமிழ் பேசுற பழங்குடிகள். ஒரு காலத்துல இவங்க காட்டுல சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகுன்னு நின்னுச்சு. அப்புறம் கீழ சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் வந்தது, குச்சிக்கிழங்குக்குக் கையில காசு கிடைச்சது, சாமை நின்ன இடத்துல கிழங்கு நிக்குது. யாரையும் குறை சொல்ல முடியாது. சாமையை உரல்ல இடிச்சு உமி நீக்குறது எவ்வளவு பெரிய வேலைன்னு ஒரு நாள் பார்த்தாலே தெரியும், அந்த வேலை முழுக்கப் பொம்பளைங்க தலையிலதான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்க இந்த ரகங்களைக் காப்பாத்துற வேலையைச் செஞ்சுட்டு வருது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமைன்னு சாமையிலேயே எத்தனை ரகம்! எனக்கு அதுவரைக்கும் சாமைன்னா ஆர்கானிக் கடையில அரைக்கிலோ பாக்கெட், அவ்வளவுதான்.

நாங்க பார்க்கப் போனது ஒரு ஆயாவை. அவங்க காட்டுல ஓரமா ஒரு துண்டு நிலத்துல மட்டும் கட்டவெட்டிச் சாமை போட்டிருந்தாங்க. பக்கத்துல கொஞ்சம் கேழ்வரகு. மத்ததெல்லாம் கிழங்கு. அறுவடைக்கு முந்தின நாள் காலையில போயிட்டோம். பனி இன்னும் கதிர் மேல இருந்தது. "சீக்கிரம் எடுத்துக்க கண்ணு, நாளைக்கு அறுத்துருவோம்"னாங்க. மானாவாரி நிலம், வருஷத்துக்கு ஒரு போகம்தான். அடுத்த வருஷமும் போடுவீங்களான்னு தோழி கேட்டா. "ஒடம்பு இருந்தா போடுறது"ன்னாங்க. அதாவது, அந்தக் காலையில எடுத்த படம் போச்சுன்னா திரும்ப எடுக்குறதுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும். அதுவும் உறுதி இல்ல.

இனிமேதான் நான் செஞ்ச தப்புகள் வரிசையா வருது. இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. இதுல ஒண்ணாவது நீங்களும் செஞ்சிருப்பீங்க.

என் கேமரா சர்வீஸ்ல இருந்ததால, நண்பர்கிட்ட புது மாடல் ஒண்ணு கடன் வாங்கிட்டுப் போயிருந்தேன். நாள் முழுக்க ராவாத்தான் எடுத்தேன். மொத்தம் 174 படம். தோழி ஐபோன்ல 38. சாயந்திரம் செம்மேட்டுல ரூமுக்கு வந்து, கார்டை லேப்டாப்ல போட்டு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, கட் கொடுத்தேன். காப்பி இல்ல. கட். கார்டு காலியா இருந்தா நாளைக்கு வசதின்னு ஒரு நினைப்பு. என் லேப்டாப்புக்கு பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, சார்ஜர் சொருகியிருந்தா மட்டும்தான் உயிர். உள்ள இருக்கறதும் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க். வெளிய மழை. பேஸ்ட் ஆகி, அந்தப் பச்சைக் கோடு கடைசி வரைக்கும் போய், விண்டோ மூடிச்சு. "அப்பாடா"ன்னு நான் நிமிர்ந்த அதே நேரம் கரண்ட் போச்சு.

கரண்ட் வந்ததும் பார்த்தேன். ஃபோல்டர்ல 174 ஃபைலும் இருந்தது. ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சு எம்பிக்கு மேல. கார்டு காலி. நிம்மதியாத் தூங்கினேன். மறுநாள் அதே கார்டைக் கேமராவுல போட்டுக்கிட்டு ஆகாய கங்கை போனோம். கீழ இறங்க ஆயிரத்துக்கு மேல படி. இறங்கும்போது ஆசையா இருந்தது, ஏறும்போது கேமராவைத் தூக்கவே தெம்பு இல்ல. 16 படம்தான் எடுத்தேன். இந்த 16ங்கற எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சென்னைக்கு வந்து எடிட்டிங் சாஃப்ட்வேர்ல இம்போர்ட் கொடுத்தேன். திறக்கல. தோழி அனுப்பின படங்களைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் திறக்கல. 212 ஃபைல்ல ஒண்ணுகூட இல்ல. அந்த ராத்திரி எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணுதான்: கரண்ட் போனப்போ எல்லாம் நாசமாயிடுச்சு.

அது தப்பு. அந்த 212 ஃபைலுக்கு மூணு தனித்தனி வியாதி. சாஃப்ட்வேர் மூணுக்கும் ஏறக்குறைய ஒரே மெசேஜைத்தான் காட்டுது. காய்ச்சல்னு வந்தவங்க எல்லாருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கற மாதிரி நாம உடனே "ஃபைல் கரப்ட்"னு முடிவு பண்ணி, ரிப்பேர் டூல் தேட ஆரம்பிச்சுடுறோம். ஃபைல் திறக்கலைன்னா முதல்ல கேட்க வேண்டியது: பேர் தப்பா, சாஃப்ட்வேருக்கு இந்த வகை தெரியலையா, இல்ல உள்ள உண்மையிலேயே ஒண்ணும் இல்லையா?

முதல்ல தோழியோட 38. அவ போன்லேருந்து லேப்டாப்புக்கு மாத்தினப்போ ஃபைல் எல்லாம் ஹெச்ஈஐசின்னு வந்திருக்கு. ஆப்பிள் 2017ல ஐஓஎஸ் 11லேருந்து இந்த வகையிலதான் படத்தைச் சேமிக்குது. ஜேபெக்கைவிடப் பாதி இடம்தான் எடுக்கும்னு. அவளுக்கு யாரோ "பேரை மட்டும் ஜேபிஜின்னு மாத்து, திறந்துடும்"னு சொல்லியிருக்காங்க. அவளும் மொத்தமா ரீநேம் பண்ணி அனுப்பிட்டா. பேரை மாத்தினா உள்ள இருக்கறது மாறாது. அரிசி மூட்டை மேல சர்க்கரைன்னு எழுதி ஒட்டின கதைதான். சாஃப்ட்வேர் பேரை நம்பி, ஜேபெக்னு நினைச்சுப் படிக்கப் பார்க்கும். முதல் எழுத்துலயே முழிக்கும். ஃபோட்டோஷாப்ல "அன்நோன் ஆர் இன்வேலிட் ஜேபெக் மார்க்கர் டைப்"னு ஒரு மெசேஜ் வந்தா, பாதிக்கு மேல இதுதான் காரணம். வெப்சைட்லேருந்து இறக்கின படத்துலயும் இதே கதை உண்டு. உள்ள கூகுளோட வெப்பி வகை, வெளிய ஜேபிஜின்னு பேர். வெப்பி 2010லேயே வந்துடுச்சு, ஆனா ஃபோட்டோஷாப் அதைத் தனி பிளகின் இல்லாம நேரடியாத் திறக்க ஆரம்பிச்சது 2022லதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நாட்டு வைத்தியம் இருக்கு. ஃபைலை ஒரு நகல் எடுத்து, அந்த நகலை நோட்பேட்ல திறங்க. கண்டபடி கிறுக்கலா வரும், பயப்படாதீங்க, முதல் வரியை மட்டும் பாருங்க. ஜேஎஃப்ஐஎஃப் இல்லேன்னா எக்சிஃப்னு எழுத்து தெரிஞ்சா அது நிஜமான ஜேபெக். பிஎன்ஜின்னு தெரிஞ்சா பிஎன்ஜி. எஃப் டி ஒய் பி, அதை ஒட்டி ஹெச் ஈ ஐ சின்னு இருந்தா ஐபோன் படம். ஆர் ஐ எஃப் எஃப், கொஞ்சம் தள்ளி வெப்பின்னு இருந்தா வெப்பி. ஹெச்டிஎம்எல்னு கண்ணுல பட்டா நீங்க இறக்கினது படமே இல்ல, ஏதோ ஒரு லாகின் பக்கத்தை படம்ங்கற பேர்ல சேமிச்சிருக்கீங்க. பார்த்துட்டு நோட்பேடை மூடுங்க. சேவ் பண்ணவே பண்ணாதீங்க, பண்ணினா அந்த நகல் அவ்வளவுதான். அதுக்காகத்தான் நகல்னு சொன்னேன்.

38 படத்துக்கும் பழையபடி ஹெச்ஈஐசின்னு பேர் வெச்சு, ஒரு கன்வர்ட்டர்ல போட்டேன். பத்து நிமிஷம். எல்லாம் வந்துடுச்சு. இனிமே இந்தத் தொல்லையே வேண்டாம்னா, ஐபோன் செட்டிங்ஸ்ல கேமரா, அதுக்குள்ள ஃபார்மட்ஸ், அதுல மோஸ்ட் கம்பாட்டிபிள்னு வெச்சுக்கலாம். இடம் கூடுதலாப் பிடிக்கும், ஆனா எங்கயும் திறக்கும்.

அடுத்து என்னோட 174. இங்கதான் எனக்கு ஒரு விஷயம் புரியாமலே இருந்தது. ஃபோல்டர்ல நிறைய ஃபைலுக்கு சின்னப் படம் தெரியுது. கதிர் தெரியுது, பனி தெரியுது. சாஃப்ட்வேர் மட்டும் திறக்கல. கண்ணுக்குத் தெரியறதை எப்படித் திறக்க முடியாம போகும்? காரணம் இதுதான். ரா ஃபைல்ங்கறது ஒரே படம் இல்ல. சென்சார் பிடிச்ச கச்சாத் தகவல் ஒரு பக்கம், கேமரா திரையில காட்டுறதுக்காகக் கேமராவே செஞ்சு உள்ள வெச்ச ஒரு ஜேபெக் பிரிவியூ இன்னொரு பக்கம். நாம ஃபோல்டர்ல பார்க்குறது அந்த பிரிவியூவை. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம் இல்லையா, இங்க அந்தப் பழமொழி செல்லாது. சோறு ஒண்ணு வெந்திருக்கும், பானையில ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். பானை நல்லா இருந்தும் திறக்கத் தெரியாமலும் இருக்கலாம்.

என்னோடது முதல்ல அந்த ரெண்டாவது வகை. கேமரா புதுசு, சாஃப்ட்வேர் பழசு. நான் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கின பழைய வெர்ஷனை வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன், அதுக்கு அப்டேட் நின்னு வருஷமாச்சு. ஒவ்வொரு கேமரா மாடலோட ரா ஃபைலையும் எப்படிப் படிக்கணும்னு சாஃப்ட்வேருக்குத் தனியாச் சொல்லிக் கொடுக்கணும். சாஃப்ட்வேர் வெளிவந்ததுக்கு அப்புறம் பிறந்த கேமராவை அதுக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம், கேனான் 2018ல எம்50 கேமராவோட சிஆர்3ன்னு புது வகையைக் கொண்டு வந்தது. லைட்ரூம் 6க்குக் கடைசி அப்டேட் வந்தது 2017 டிசம்பர்ல. அதனால லைட்ரூம் 6ல சிஆர்3 எந்தக் காலத்துலயும் நேரடியாத் திறக்காது. சில சமயம் ஃபைல் பேரும் மாறாது, உள்ள சுருக்கற முறை மட்டும் மாறும். நிகான் 2021ல இசட்9ல ஹை எஃபிஷியன்சின்னு ஒரு ரா வகையைக் கொடுத்தது. பேர் பழைய என்இஎஃப்தான், ஆனா சாதா என்இஎஃபைத் திறந்த பல இலவச சாஃப்ட்வேர்கள் இதைத் திறக்கத் திணறிச்சு. புது கேமரா வாங்கினவங்க மெனுவுல இதையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

இதுக்கு மருந்து சுலபம், அதுவும் இலவசம். அடோபியோட டிஎன்ஜி கன்வர்ட்டர். டிஎன்ஜிங்கறது 2004ல அடோபி அறிமுகப்படுத்தின பொதுவான ரா வகை. கன்வர்ட்டரோட புது வெர்ஷனை இறக்கி, உங்க ரா ஃபைலை டிஎன்ஜியா மாத்துங்க. மாத்தும்போது எந்தப் பழைய வெர்ஷன் வரைக்கும் திறக்கணும்னு கேட்கும், அதையும் சொல்லுங்க. பழைய சாஃப்ட்வேர் அதைச் சமத்தாத் திறக்கும். ஒரிஜினல் ராவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது ஒரு ஓரமாக் கிடக்கட்டும்.

174ல 131 திறந்துடுச்சு. அந்த நேரத்துல எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சாயந்திர வெளிச்சத்துல எடுத்தது, உரல்ல இடிச்சது, முறத்துல புடைச்சது எல்லாம் வந்துடுச்சு. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். 43 இல்ல. எந்த 43? காலையில முதல்ல எடுத்தது. பனியோட நின்ன கதிரும், ஆயாவும்.

இதுதான் மூணாவது வியாதி. ஃபைலோட சைஸ் சரியா இருக்கு, ஆனா நோட்பேட்ல திறந்தா வெத்து. கிறுக்கல்கூட இல்ல. கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை எழுதும்போது முதல்ல இடத்தைப் பிடிச்சு வெச்சுட்டு, அப்புறம்தான் சரக்கை நிரப்பும். அதுவும் உடனே டிஸ்க்குக்குப் போகாது, கொஞ்ச நேரம் மெமரியில நிக்கும். திரையில வேலை முடிஞ்சதுன்னு காட்டும், உள்ள இன்னும் மூட்டை இறங்கிட்டிருக்கும். அந்த நேரத்துல கரண்ட் போனா, பிடிச்சு வெச்ச இடம் மட்டும் மிச்சம், உள்ள பூராவும் பூஜ்யம். நான் ஃபோல்டர்ல புதுசு மேல, பழசு கீழன்னு அடுக்கி வெச்சிருந்தேன். அதனால காலைப் படங்கள் கடைசியாப் போச்சு, அதுங்கதான் மாட்டிக்கிச்சு. காப்பி கொடுத்திருந்தா கார்டுல இருந்திருக்கும். கட் கொடுத்ததால கார்டு அதைத் தன் கணக்குலேருந்து அழிச்சுடுச்சு.

ஆனா கார்டு அழிக்கறதுங்கறது வேற மாதிரி. படத்தை உடனே துடைக்காது. "இந்த இடம் இனிமே காலி, யாரு வேணும்னாலும் உட்காரலாம்"னு மட்டும் எழுதி வெச்சுக்கும். யாரும் உட்காரற வரைக்கும் பழைய படம் அங்கேயேதான் இருக்கும். அதனால எந்தப் படம் தொலைஞ்சாலும் முதல் வேலை, கார்டை வெளிய எடுக்குறது. எஸ்டி கார்டு பக்கவாட்டுல ஒரு சின்னத் தள்ளு பொத்தான் இருக்கும், அதை லாக் பக்கம் தள்ளுங்க. அப்புறம் ஃபோட்டோரெக்னு ஒரு இலவச ப்ரோகிராம். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தா வரும், பார்க்கவே ஏதோ ஹேக்கர் சமாச்சாரம் மாதிரி இருக்கும், ஆனா அம்மா பாட்டி காலத்து ரேடியோ மாதிரி நம்பகமானது. அது ஃபைல் பேரையெல்லாம் பார்க்காது. கார்டு முழுக்க நடந்து, "இங்க ஒரு படத்தோட ஆரம்பம் தெரியுது"ன்னு தோண்டி எடுக்கும். எடுத்ததை அதே கார்டுல போடாம வேற டிஸ்க்குல போடணும். பேர் எல்லாம் கன்னாபின்னான்னு வரும், தேதி மட்டும் படத்துக்குள்ள இருக்கும்.

ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. 43ல 27 முழுசா வந்தது.

மிச்சம் 16. நான் ஆகாய கங்கையில எடுத்தேனே, அந்த 16. காலியான கார்டுல முதல் இடத்துலேருந்து அருவிப் படங்கள் போய் உட்கார்ந்திருக்கு. அந்த முதல் இடம்தான் காலைப் படங்கள் இருந்த இடம். வல்வில் ஓரி ஒரே அம்பால யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சை வீழ்த்தினதாப் புறநானூறு சொல்லுது. அதே மலையில நின்னு நானும் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு சாமைப் படத்தைக் குறி தப்பாம வீழ்த்தியிருக்கேன்.

கார்டுல போனது போச்சு. லேப்டாப்புல இருந்த அந்த 16 ஃபைலைத் திரும்ப ஒவ்வொண்ணா நோட்பேட்ல பார்த்தேன். 11 முழுசா வெத்து. அஞ்சுல மட்டும் மேல கொஞ்சம் கிறுக்கல் இருந்தது, கீழ வெத்து. ஒரு இலவச ரா சாஃப்ட்வேர்ல அந்த அஞ்சையும் போட்டேன். அதுல ஒண்ணுல மேல் பாதியில ஆயா முகம் வந்தது. நல்லா, தெளிவா, சிரிப்போட. கழுத்துக்குக் கீழ கறுப்பு. கையில பிடிச்சிருந்த கட்டவெட்டிச் சாமைக் கதிர் அந்தக் கறுப்புக்குள்ள.

இப்போ உண்மையைச் சொல்லிடறேன். நான் அந்தக் கறுப்பை ஏஐ வெச்சு நிரப்பிப் பார்த்தேன். "வயதான பெண் கையில் சாமைக் கதிர்"னு எழுதினேன். முப்பது செகண்டுல வந்துடுச்சு. கை சரியா இருந்தது, சேலை நிறம்கூடப் பொருந்திச்சு. நான் பாட்டுக்கு அதைத் தோழிக்கு அனுப்பிட்டேன். அவ ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "இது சாமையே இல்லடா, தினை"ன்னா. சாமைக் கதிர் பிரிஞ்சு, கிளை கிளையா, தளர்ந்து தொங்கும். தினை அணில் வால் மாதிரி அடர்த்தியா இருக்கும். ஏஐ வரைஞ்சது அதுவும் இல்லாம இதுவும் இல்லாம ஒரு அணில் வால். கட்டவெட்டிச் சாமைக்கு எத்தனை படம் இன்டர்நெட்ல இருக்கும், அதுக்கு எங்க தெரியும்? ரகத்தைப் பதிவு பண்ணத்தான் அந்தக் கையேடே. அதுல இல்லாத ஒரு ரகத்தை நான் உருவாக்கி, நிஜமான ஆயா கையில கொடுத்து அனுப்பப் பார்த்திருக்கேன். கல்யாண ஆல்பத்துல பின்னாடி நிக்கற பைக்கை எடுக்குறது வேற, இது வேற. அந்த ஃபைலை அன்னைக்கே அழிச்சேன். இந்த முறை ரீசைக்கிள் பின்லேருந்தும்.

ஆன்லைன்ல "உங்க படத்தை ரிப்பேர் பண்றோம், அப்லோட் பண்ணுங்க"ன்னு வர்ற தளங்களைப் பத்தியும் இங்கேயே சொல்லிடறேன். பூஜ்யமா இருக்கற இடத்துலேருந்து படத்தை யாராலயும் கொண்டுவர முடியாது. கொண்டுவந்துட்டோம்னு சொன்னா, ஒண்ணு அது அவங்க வரைஞ்சது, இல்ல முதல்லேருந்தே ஃபைல் நல்லாத்தான் இருந்திருக்கு. அடையாள அட்டை, குழந்தைங்க படம் எல்லாம் அங்க தூக்கிப் போடாதீங்க.

அப்புறம்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. பிரிவியூ! ரா ஃபைல்ல அந்தக் கேமரா செஞ்ச ஜேபெக் பெரும்பாலும் முன்னாடியே இருக்கும், சென்சார் சரக்கு அதுக்குப் பின்னாடி. ஃபைலோட வால் போனாலும் தலை இருந்தா பிரிவியூ பிழைச்சிருக்க வாய்ப்பு உண்டு. எக்சிஃப்டூல்னு ஒரு இலவச ப்ரோகிராம் இருக்கு. பிரிவியூஇமேஜ்ங்கற டேக்கை மட்டும் வெளிய எடுத்துக் கொடுன்னு ஒரு வரியில கட்டளை கொடுத்தேன். அஞ்சு ஃபைலுக்கும் அஞ்சு ஜேபெக் வந்து விழுந்தது. ஆயா, கை, கதிர், பனி. எல்லாம் முழுசா.

சின்னப் படம்தான். சில கேமராவுல பிரிவியூ முழு அளவுலயே இருக்கும், இதுல 1616க்கு 1080 பிக்சல். ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல்னு பிரின்ட் பண்ணா சுமார் 5.4க்கு 3.6 இன்ச் வரும், பழைய ஆல்பம் போட்டோ சைஸ். கையேட்டுல முழுப் பக்கத்துக்குப் போடணும்னு தோழி நினைச்சிருந்தா. அரைப் பக்கத்துக்குப் போட்டா. போஸ்டர் போட முடியாது, கலரை இழுத்து விளையாட முடியாது. நிழலைக் கொஞ்சம் ஏத்தினேன், உடனே பிசிறு தட்டுச்சு, அப்படியே விட்டுட்டேன்.

கையேடு வந்ததும் ஒரு பிரதி எடுத்துக்கிட்டு நாங்க திரும்ப மலைக்குப் போனோம். திரும்பவும் 70 வளைவு, இந்தத் தடவை இட்லி சாப்பிடாம. ஆயா திண்ணையில உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. தன் முகத்தைப் பார்க்கல. கதிரைத்தான் பார்த்தாங்க. "மணி நல்லா முத்தியிருந்துச்சு பாரு"ன்னாங்க. அப்புறம் பக்கத்தைப் புரட்டிக்கிட்டே, "கேவுரு எடுத்தியே கண்ணு, அது எங்க?"ன்னு கேட்டாங்க.

கேழ்வரகு அந்த 11ல இருந்தது. "அது அழிஞ்சுபோச்சு ஆயா"ன்னேன்.

"அழிஞ்சுபோச்சுன்னா?"

எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கார்டுன்னா என்ன, கட் பேஸ்ட்னா என்ன. கடைசியில, "அது இருந்த இடத்துல அருவி படத்தை எடுத்துட்டேன் ஆயா, அது மேலயே விழுந்துடுச்சு"ன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அருவியாச்சும் நல்லா வந்துச்சா?"

வந்திருந்தது. 16 படமும் முதல் கிளிக்லயே திறந்தது.